அகலம் முதலில், தடிமன் கடைசியில்: பாதம் பலமாக இருக்க எந்தக் காலணி?

ஒரு வெள்ளைத் தாளைத் தரையில் போட்டு, அதன்மேல் வெறுங்காலோடு நின்று, பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு இழுத்துப் பாருங்கள். பிறகு, வெளியே போகும்போது போடும் ஷூவை எடுத்து அந்தக் கோட்டின்மேல் வையுங்கள். நிறையப் பேருக்கு விரல்கள் இருக்கும் பக்கத்தில் கோடு ஷூவுக்கு வெளியே தெரியும். வெளியே தெரிகிற அந்த அகலம் முழுவதும் பகல் முழுக்க உள்ளே நசுங்கிக் கிடக்கிறது. 2018-இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பின்படி, ஆராயப்பட்டவர்களில் 63 முதல் 72 சதவீதம் பேர் தங்கள் பாதத்தின் நீளத்துக்கோ அகலத்துக்கோ பொருந்தாத காலணியைத்தான் போட்டிருந்தார்கள்.

காலணி வாங்கும்போது நிறம் பார்க்கிறோம், எத்தனை நாள் உழைக்கும் என்று கேட்கிறோம், விரலால் அழுத்தி மெத்தென்று இருக்கிறதா என்று பார்க்கிறோம். இதற்குள் பாதம் வேலை செய்யுமா, சும்மா கிடக்குமா என்று கேட்பவர்கள் குறைவு. வெறுங்காலா, மெல்லிய சோலா, தடித்த குஷனா என்று நடக்கும் வாதங்களும் பெரும்பாலும் தடிமனையே சுற்றி வருகின்றன. அதைவிட முக்கியம் விரல்களுக்கான இடம் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். இடத்தைக் கூட்டுவதில் யாருக்கும் ஆபத்து இல்லை, இன்றைக்கே செய்யலாம். தடிமனைக் குறைப்பது அப்படி இல்லை. அது ஆளுக்கு ஆள் வேறுபடும், மாதக்கணக்கில் நிதானமாகச் செய்ய வேண்டியது, சிலர் செய்யவே கூடாதது.

ஒரு பாதத்தில் 26 எலும்புகள், 33 மூட்டுகள். இரண்டு பாதங்களையும் சேர்த்தால் 52 எலும்புகள், அதாவது உடம்பில் உள்ள 206-இல் நான்கில் ஒரு பங்கு. இத்தனை மூட்டுகள் இருப்பது அசைவதற்காகத்தான். உள்ளங்காலுக்குள்ளேயே தொடங்கி அங்கேயே முடியும் சிறிய தசைகள் நான்கு அடுக்குகளாக இருக்கின்றன. ஒவ்வோர் அடியிலும் உடல் எடை இறங்கும்போது பாத வளைவு சற்றுத் தாழ்கிறது. அது ஒரேயடியாகச் சரிந்துவிடாமல் தாங்குவதும், விரல்களைத் தரையில் ஊன்ற வைப்பதும் இந்தத் தசைகளின் வேலை. குதிகாலில் இருந்து விரல்களின் அடிவரை உள்ளங்காலில் கெட்டியான ஒரு நார்ப்பட்டையும் ஓடுகிறது. அடி எடுத்து வைக்கக் குதிகால் எழும்பும்போது விரல்கள் மேல்நோக்கி மடங்குகின்றன, பட்டை இறுகுகிறது, வளைவு உயர்கிறது, பாதம் விறைப்பாகி நம்மை முன்னே தள்ளுகிறது. 1954-இல் ஹிக்ஸ் என்ற ஆய்வாளர் விளக்கிச் சொன்னது இது. உட்கார்ந்தபடி கட்டைவிரலைக் கையால் மேலே தூக்கினால் வளைவு எழும்புவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

ஷூ இந்த வேலையில் பல இடங்களில் குறுக்கிடுகிறது. முன்பக்கம் குறுகலாக இருந்தால் கட்டைவிரல் மற்ற விரல்களை நோக்கிச் சாய்கிறது, சாய்ந்த விரலால் நேராக ஊன்ற முடியாது. சோல் மடங்காவிட்டால் விரல் மூட்டுகளுக்கு வேலை இல்லை. பல ஷூக்களின் நுனி தரையைவிட்டு மேல்நோக்கி வளைந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அந்த வளைவு நடப்பதை எளிதாக்குகிறது, ஆனால் அதே அளவுக்குப் பாதத் தசைகளின் வேலையைக் குறைக்கிறது என்று 2020-இல் ஓர் ஆய்வு அளந்து காட்டியது. மாவுக்கட்டுப் பிரித்த பிறகு கை மெலிந்து தெரிவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். பாதத்துக்கும் அதே விதிதான், மெதுவாக நடப்பதால் கண்ணில் படுவதில்லை.

இது புதிதாகக் கிளம்பிய பயமும் இல்லை. சீனாவில் தியான்யுவான் குகையில் கிடைத்த சுமார் 40,000 ஆண்டு பழைய எலும்புக்கூட்டின் கால்விரல் எலும்புகள் மெலிந்திருப்பதை வைத்து, அந்த மனிதர் வழக்கமாகக் காலணி போட்டவர் என்று மானுடவியலாளர் எரிக் டிரிங்காஸ் கணித்தார். விரல்களுக்கு வேலை குறைந்தால் எலும்புகூட மெலியும் என்பதுதான் அந்தக் கணிப்புக்கு அடிப்படை. 1958-இல் ஹாங்காங்கில் ஷூ போடுகிறவர்கள் 118 பேரையும் காலணியே போடாதவர்கள் 107 பேரையும் ஒப்பிட்டார்கள். கட்டைவிரல் மற்ற விரல்களை நோக்கிச் சாய்ந்து பக்கத்தில் எலும்பு புடைத்திருக்கும் கோளாறு ஷூ போட்டவர்களில் 33 சதவீதம் பேருக்கு இருந்தது, போடாதவர்களில் 2 சதவீதத்துக்கும் குறைவு. பரம்பரையும் இதில் சேரும், எல்லாப் பழியையும் ஷூமேல் போட முடியாது. ஆனாலும் இவ்வளவு பெரிய இடைவெளியைப் பரம்பரை என்ற ஒரே காரணத்தால் விளக்கிவிட முடியாது.

எதை எதோடு ஒப்பிடுவது?

ஹை ஹீல்ஸ், கூர்நுனி ஷூ இரண்டையும் சீக்கிரம் பார்த்துவிட்டு நகரலாம். குறைந்தது 5 செ.மீ. உயர ஹீல்ஸை ஆண்டுக்கணக்கில் போட்டு வந்த பெண்களின் கெண்டைக்கால் தசை இழைகள் சுமார் 13 சதவீதம் குட்டையாகியிருந்தன, குதிகால் தசைநாண் தடித்து விறைத்திருந்தது என்று 2010-இல் ஒரு ஆய்வு கண்டது. தட்டைச் செருப்புக்கு மாறியதும் இப்படிப்பட்டவர்களுக்குக் கால் வலிப்பது அதனால்தான். முழங்காலின்மேல் விழும் திருகு விசையும் ஹீல்ஸில் 23 சதவீதம் கூடுவதாக 1998-இலேயே அளந்திருக்கிறார்கள். விசேஷத்துக்குச் சில மணி நேரம் போடுவதில் தப்பில்லை. தினசரிக் காலணியாக இதற்குச் சாதகமாகச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

அலுவலகத்துக்குப் போடும் தோல் ஷூவில் ஹீல்ஸ் அவ்வளவு உயரம் இல்லை, ஆனால் முன்பக்கம் குறுகல், சோல் பலகை மாதிரி விறைப்பு. போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் வட்ட நுனியாக, அகல அளவில் தேடுங்கள். மேசைக்கு அடியில் கழற்றி வைத்துவிட்டு விரல்களை விரித்து மடக்கலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை.

அடுத்து, பலரும் பாதத்துக்கு நல்லது என்று நம்பி வாங்கும் தடித்த குஷன் ஷூ. இதைப் பற்றி ஒரே வரியில் நல்லது, கெட்டது என்று சொல்ல முடியாது. குஷன் அதிகமானால் அதிர்ச்சி குறையும் என்பது உள்ளுணர்வுக்குப் படுகிறது. ஆனால் மிகத் தடித்த குஷன் ஷூவில் ஓடுகிறவர்கள் காலை இன்னும் விறைப்பாக வைத்துக்கொள்கிறார்கள், அதனால் தரையில் மோதும் விசை கூடுகிறது என்று 2018-இல் ஒரு ஆய்வு கண்டது. 2010-இல் ஹார்வர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் டேனியல் லீபர்மேனின் குழு வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வும் இந்தப் பக்கம்தான். வெறுங்காலோடு ஓடிப் பழகியவர்கள் பெரும்பாலும் முன்பாதத்தில் இறங்குகிறார்கள், மோதல் விசை குறைவு. இன்னொரு பக்கம், 800-க்கும் மேற்பட்ட ஓட்டக்காரர்களிடம் நடத்தி 2020-இல் வெளியிட்ட சோதனையில், கெட்டியான குஷன் போட்டவர்களுக்குத்தான் மென்மையான குஷன் போட்டவர்களைவிடக் காயம் அதிகம். ஆக, ஏற்கெனவே குஷன் ஷூவில் ஓடிப் பழகிய ஒருவருக்கு அதைப் பிடுங்கி எறியச் சொல்ல ஆதாரம் இல்லை. காயம் குறைவது ஒரு விஷயம், பாதம் பலமாவது வேறு விஷயம். குஷன் முதலாவதில் உதவலாம், இரண்டாவதில் உதவாது. குதிகால் வலியில் இருப்பவர், சிமெண்ட் தரையில் நாள் முழுக்க நிற்பவர், உடல் எடை அதிகம் உள்ளவர் போன்றோருக்கு இது நியாயமான தேர்வு. வாங்கும்போது முன்பக்கம் அகலமாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், குஷனும் அகலமும் ஒரே ஷூவில் கிடைக்கும்.

இதோடு சேர்த்து ஆர்ச் சப்போர்ட் இன்சோல், அதாவது பாத வளைவைத் தாங்க ஷூவுக்குள் வைக்கும் உள்பட்டை. வலி இருக்கும்போது இது நல்ல ஊன்றுகோல். ஆனால் வலியே இல்லாதவர் பாதத்துக்கு நல்லது என்று ஆண்டுக்கணக்கில் வைத்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. அளவெடுத்துச் செய்த இன்சோலை 12 வாரம் அணிந்த ஆரோக்கியமான இளைஞர்களின் பாதத் தசைகள் அளவில் சிறுத்ததை 2020-இல் பதிவு செய்திருக்கிறார்கள். தட்டைப் பாதம் என்ற பெயரே பலரைப் பயமுறுத்திவிடுகிறது. வலி இல்லாமல், நுனிக்காலில் நிற்கும்போது வளைவு தோன்றும் தட்டைப் பாதத்துக்குப் பெரும்பாலும் சிகிச்சையே தேவைப்படுவதில்லை.

ரப்பர் செருப்பில் விரல்களுக்கு இடம் தாராளம், சோல் தட்டை, நன்றாக மடங்கும். ஆனால் பின்பக்கம் பிடிப்பு இல்லாததால் கழன்றுவிடாமல் இருக்க ஒவ்வோர் அடியிலும் விரல்களைக் கொக்கி மாதிரி மடக்கிப் பிடிக்கிறோம். அடியின் நீளமும் குறைகிறது. குளியலறை, பக்கத்துக் கடை, சரி. நீண்ட நடைக்கு வேண்டாம். தேய்ந்து ஒரு பக்கம் சாய்ந்த செருப்பை இன்னும் கொஞ்ச நாள் என்று இழுப்பதைவிட வெறுங்காலே மேல்.

பின்பட்டை உள்ள சாண்டல்ஸை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை, எனக்கு அதில் வருத்தம் உண்டு. குதிகாலுக்குப் பின்னே ஒரு பட்டை, மேலே ஒரு பட்டை, தட்டையான, மடங்கக்கூடிய சோல். இவ்வளவு இருந்தால் விரல்கள் எதையும் கவ்விப் பிடிக்க வேண்டியதில்லை, விரிந்து ஊன்றலாம். வியர்வை தங்காது, விரலிடுக்கில் சேற்றுப்புண் வருவது குறையும். சாதாரண நடைக்கும் தினசரி வேலைக்கும் பெரும்பாலானவர்களுக்கு ஏற்றது இதுதான் என்று தயங்காமல் சொல்வேன்.

மெல்லிய, அகலமான, குதிகால் உயரமே இல்லாத மினிமலிஸ்ட் ஷூக்களைப் பற்றி நம்பிக்கையோடு பேச இப்போது ஆதாரம் இருக்கிறது. ஆறு மாதம் தினசரி வேலைகளை இப்படிப்பட்ட ஷூவில் செய்தவர்களின் பாத பலம் சராசரியாக 57 சதவீதம் கூடியது என்று 2021-இல் ஒரு ஆய்வு சொன்னது. 2019-இல் இன்னொரு சோதனையில் 57 ஓட்டக்காரர்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு பாதப் பயிற்சிகள் செய்தது, ஒரு குழு பயிற்சி எதுவும் இல்லாமல் மெல்லிய ஷூவில் நடந்தது, மூன்றாவது எதையும் மாற்றவில்லை. எட்டு வாரம் கழித்துப் பார்த்தால் முதல் இரண்டு குழுவுக்கும் ஏறக்குறைய ஒரே முன்னேற்றம். பயிற்சிக்கு நேரம் ஒதுக்க முடியாதவர்களுக்கு இது பெரிய செய்தி, எப்படியும் நடக்கத்தானே போகிறோம்?

ஆனால் கவனியுங்கள், அது நடை. ஓட்டத்தில் கதை வேறு. 2013-இல் வழக்கமான ஷூவில் இருந்து பத்து வாரத்தில் மெல்லிய ஷூ ஓட்டத்துக்கு மாறியவர்களை ஸ்கேன் செய்தபோது, பாதிக்கும் மேற்பட்டவர்களின் பாத எலும்புகளில் அதிகச் சுமையால் வரும் வீக்கம் தெரிந்தது. தசை சில வாரங்களில் பலமாகிவிடும், எலும்பும் தசைநாணும் அவ்வளவு வேகத்தில் மாறாது. இந்த ஷூவைப் போட்டுக் காலை உடைத்துக்கொண்டேன் என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் அவசரப்பட்டவர்கள்தான்.

கடைசியாக வெறுங்கால். காய்த்துப்போன உள்ளங்கால் உணர்வை இழந்துவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். காய்ப்பு எவ்வளவு தடித்திருந்தாலும் பாதத்தின் உணர்திறன் குறைவதில்லை என்று 2019-இல் வெளியான ஆய்வு காட்டியது. தடித்த சோல் செய்ய முடியாத காரியம் இது, பாதுகாப்பும் உணர்வும் ஒரே நேரத்தில் கிடைக்கின்றன. ஆனால் இயற்கை என்ற சொல்லை நம்பி எங்கு வேண்டுமானாலும் வெறுங்காலோடு போவது ஆபத்து. மலம் கலந்த ஈர மண்ணில் கொக்கிப்புழுவின் லார்வா தோல் வழியாகவே உள்ளே நுழையும். எரிமலைச் சிவப்பு மண்ணில் காலணி இல்லாமல் ஆண்டுக்கணக்கில் உழைப்பவர்களுக்கு யானைக்கால் போன்ற வீக்கம் வருகிறது. துருப்பிடித்த ஆணி, கண்ணாடிச் சில்லு, சுடும் தார் ஆகியவற்றுக்குக் காய்ப்பு போதாது. வீட்டுக்குள், சுத்தமான புல்வெளியில், மணலில் வெறுங்கால், மற்ற இடங்களில் காலணி என்று வைத்துக்கொள்ளலாம்.

யாருக்கு எது?

குழந்தைகள் விஷயத்தில் எனக்கு ஆதங்கம் அதிகம். 4 முதல் 13 வயது வரையிலான 2,300 குழந்தைகளின் பாதத் தடங்களை ஆராய்ந்து 1992-இல் வெளியிட்டார்கள். காலணி போட்ட குழந்தைகளில் 8.6 சதவீதம் பேருக்குத் தட்டைப் பாதம், போடாதவர்களில் 2.8 சதவீதம். போட்டவர்களிலும் விரல் மூடிய ஷூ போட்டவர்களுக்கே அதிகம், சாண்டல்ஸ், செருப்பு போட்டவர்களுக்குக் குறைவு. நடக்கப் பழகும் குழந்தைக்கு ஷூ தேவையே இல்லை, தரையை உணர்ந்துதான் அது நடக்கக் கற்கிறது. வெளியே அழைத்துப் போகும்போது கையால் சுலபமாக மடங்கும் எதுவும் போதும். வளரும் பிள்ளை என்று இரண்டு அளவு பெரிதாக வாங்குவதும், அண்ணன் போட்டுத் தேய்ந்ததைத் தம்பிக்குப் போடுவதும் வேண்டாம். பழைய ஷூவின் சோல் முந்தைய பாதத்தின் வடிவத்துக்குத் தேய்ந்திருக்கும்.

சர்க்கரை நோயாளிகளுக்கு இதுவரை சொன்ன பலவும் பொருந்தாது. இதை வீட்டில் உள்ளவர்கள் கட்டாயம் புரிந்துகொள்ள வேண்டும். பாத நரம்புகள் பாதிக்கப்பட்டு உணர்வு குறைந்திருந்தால் வெறுங்காலோடு நடக்கவே கூடாது, வீட்டுக்குள்ளும் கூடாது. வெறும் சாக்ஸோடும் கூடாது, மெல்லிய செருப்பும் போதாது. கல் குத்தியது தெரியாமல் நாள் முழுக்க நடந்து, புண்ணாகி, விரலை எடுக்கும் நிலை வரை போகலாம். இவர்களுக்கு எம்.சி.ஆர். (மைக்ரோசெல்லுலர்) என்ற மென்மையான ரப்பர் வைத்த, அகலமான, உள்ளே தையல் உறுத்தாத காலணிதான் சரி. போடும் முன் ஒவ்வொரு முறையும் உள்ளே கை விட்டுப் பார்க்க வேண்டும். உணர்வு குறைந்திருக்கிறதா என்பதை மருத்துவர் ஒரு மெல்லிய நைலான் இழையால் தொட்டே சொல்லிவிடுவார். அந்தச் சோதனையைச் செய்யாமல் காலணியை மாற்றாதீர்கள்.

வயதானவர்களுக்குக் கால்விரல் பலம் விழாமல் இருப்பதோடு நேரடியாகத் தொடர்புடையது. விரல் பலம் குறைந்தவர்கள் அதிகம் விழுகிறார்கள் என்று 2009-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. அதே சமயம், வழுக்கும் தரையில் வெறுங்காலோடும் சாக்ஸோடும் நடக்கும் முதியவர்கள்தான் வீட்டுக்குள் அதிகம் விழுகிறார்கள். மெத்து மெத்தென்ற தடித்த சோல் இவர்களின் சமநிலையைக் கெடுக்கிறது. மெல்லிய, கெட்டியான, வழுக்காத சோலோடு பின்பட்டை உள்ள காலணியை வீட்டுக்குள்ளும் போட்டுக்கொள்வது நல்லது. விரல் பயிற்சியை உட்கார்ந்தபடி செய்யலாம்.

எந்த நோயும் இல்லாத நடுவயதுக்காரர் இரண்டு கட்டமாக மாறலாம். முதலில், இப்போது போடும் அதே தடிமனில் அகலமான காலணி. அதிலேயே ஓரிரு மாதம். கூடவே வீட்டில் வெறுங்காலோடு இருக்கும் நேரத்தைக் கூட்டுங்கள். மற்ற நான்கு விரல்களைத் தரையில் வைத்து கட்டைவிரலை மட்டும் தூக்குவது, பிறகு கட்டைவிரலை ஊன்றி மற்ற நான்கைத் தூக்குவது, இதைத் தினமும் செய்யுங்கள். முதல் வாரத்தில் விரல் பேச்சைக் கேட்காது, போகப் போகக் கேட்க ஆரம்பிக்கும். விரல்களை மடக்காமல் முன்பாதத்தைக் குதிகாலை நோக்கி இழுத்து வளைவை உயர்த்துவது இன்னொன்று. குதிகால் வலிக்காரர்களுக்கு, விரல்களுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்துப் படியில் நின்று ஒற்றைக் காலில் குதிகாலை மெதுவாக ஏற்றி இறக்கும் பயிற்சி, வெறும் நீட்டல் பயிற்சியைவிட மூன்று மாதத்தில் நல்ல பலன் தந்ததாக 2015-இல் நிரூபித்திருக்கிறார்கள்.

அப்புறம்தான் மெல்லிய சோல். முதலில் பத்து நிமிட நடை, மீதி நேரம் பழைய ஷூ. கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தால் பயப்பட வேண்டாம், ஒரு நாள் ஓய்வு போதும். ஆனால் பாதத்தின் மேற்புறத்தில் ஓர் இடத்தை விரலால் தொட்டுக் காட்டும்படி வலித்தால், அல்லது நடப்பதை நிறுத்திய பிறகும் வலி தொடர்ந்தால், எலும்பில் விரிசல் விழத் தொடங்கியிருக்கலாம். உடனே நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். ஓட ஆசைப்படுகிறவர்கள் நாள் முழுக்க இந்த ஷூவில் நடப்பது இயல்பாகும் வரை காத்திருக்கலாம்.

கடைக்குப் போகும்போது மாலையில் போங்கள், பாதம் அப்போது சற்று வீங்கியிருக்கும். பழைய அளவு எண்ணை நம்ப வேண்டாம். வயதாக ஆக வளைவு தாழ்ந்து பாதம் நீளும். முதல் பிரசவத்துக்குப் பிறகு பல பெண்களின் பாதம் நிரந்தரமாகவே சில மில்லிமீட்டர் நீண்டுவிடுகிறது. இரண்டு பாதங்களும் ஒரே நீளம் இருக்காது, பெரியதற்கே அளவெடுங்கள். நின்றபடி போட்டுப் பார்த்து, நீளமான விரலுக்கு முன்னால் கையின் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருக்க வேண்டும். உள்ளே இருக்கும் இன்சோல் கழன்று வந்தால் அதைத் தரையில் போட்டு ஏறி நில்லுங்கள், விரல் எதுவும் வெளியே வழியக் கூடாது. நுனியைப் பிடித்து மடக்கினால் விரல் மூட்டு வரும் இடத்தில் மடங்க வேண்டும். நடுவில் மடங்கினால் வேண்டாம். போடப் போட விரியும் என்று யாராவது சொன்னால் அந்த ஜோடியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தோல் கொஞ்சம் விரியும், சோல் விரியாது.

ஒரே ஒரு ஜோடிதான் இப்போது வாங்க முடியும் என்றால், நடைக்கும் அன்றாட வேலைக்கும் அகல முன்பக்கமும் தட்டைச் சோலும் கொண்ட பின்பட்டை சாண்டல்ஸ். மூடிய ஷூ கட்டாயம் என்றால் மிதமான குஷனோடு அகல அளவு. கையில் இருக்கும் பழைய ஷூவை உடனே தூக்கிப் போடாதீர்கள். நீண்ட நேரம் நிற்க வேண்டிய நாள்களிலும், புதிது இன்னும் பழகாத முதல் சில வாரங்களிலும் அது தேவைப்படும்.